கிரேக்கப் புராணப் படைக்கு எந்த வண்ண முறை? சாரல் ஊரிலிருந்து ஓர் ஒப்பீடு

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான, சுமார் 28 மில்லிமீட்டர் உயர மினியேச்சர் உருவங்கள் கொண்ட கிரேக்கப் புராணப் படை ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, எப்படி வண்ணம் தீட்டுவது என்று முடிவுக்கு வர முடியாமல் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். செங்கோட்டை, தென்காசி, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் என்று எங்கள் சிறிய வட்டத்தில் புதிதாக யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான். வெள்ளை அடித்துக் கான்ட்ராஸ்ட் பூசி வேகமாக முடிப்பதா? கறுப்பு அடித்து, டிரை பிரஷ் செய்து, அதன்மேல் கான்ட்ராஸ்ட் பூசுவதா? இல்லை, பழைய முறையில் அடிவண்ணம், பள்ளத்தில் தேங்கும் நீர்த்த வாஷ், மேட்டில் வெளிர் ஹைலைட் என்று அடுக்கடுக்காகப் போவதா?

மற்ற படைகளுக்கு இதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுப் படையையும் முடித்துவிடலாம். கிரேக்கப் படைக்கு அது சரிப்படாது. காரணம் அந்த உருவங்களிலேயே இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் மூன்று முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேக முறையில் வெள்ளை அல்லது எலும்பு நிறப் பிரைமரை, அதாவது வண்ணம் பிடிப்பதற்கான முதல் பூச்சை, அடித்து, மேலே கான்ட்ராஸ்ட் வகை வண்ணத்தை ஒரே கோட்டாகப் பூசுவார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-இல் சிட்டாடல் வரிசையில் கொண்டுவந்த வண்ணம் இது. அப்புறம் ஆர்மி பெயின்டரின் ஸ்பீட்பெயின்ட், வல்லேஜோவின் எக்ஸ்பிரஸ் கலர் என்று மற்றவர்களும் வந்துவிட்டார்கள். வண்ணம் நீர்த்திருக்கும். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேடு வெளிறி, பள்ளம் கருத்து, நிழல் தானாக விழுந்துவிடும்.

ஸ்லாப்சாப் என்று சொல்லப்படும் இரண்டாவது முறையில், கறுப்புப் பிரைமர்மேல் சாம்பல் நிறத்தையும் பிறகு வெள்ளையையும் டிரை பிரஷ்ஷில், அதாவது வண்ணத்தைத் துடைத்துவிட்ட, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்த்து, வெளிச்சம் நிழல் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையிலேயே முடித்துவிட்டு, கடைசியில் கான்ட்ராஸ்ட் பூசுவது. மூன்றாவதான அடுக்கு முறையில் சாதாரண அக்ரிலிக்கை மெல்லியதாகக் கரைத்து, இருண்ட நிறத்திலிருந்து வெளிர் நிறம் வரை படிப்படியாக ஏற்றுவது. நேரம் தின்னும் முறை இது.

சரி, கிரேக்கத்துக்கு என்ன தனிச் சிக்கல்?

கான்ட்ராஸ்ட் வண்ணத்தை அருமையாகக் காட்டும் படங்களை எடுத்துப் பாருங்கள். ரோமம், செதில், கயிறு, மடிப்பு, சங்கிலி நிறைந்த உருவங்களாக இருக்கும். வண்ணம் தேங்கப் பள்ளம் ஏராளம். இப்போது ஒரு ஹெராக்ளீஸையோ பெர்சியஸையோ கையில் எடுங்கள். பாதிக்கு மேல் வெற்று உடம்பு. தோள், முதுகு, தொடை எல்லாம் வழவழப்பு. பக்கத்தில் நிற்கும் ஹாப்லைட் என்கிற கிரேக்கக் காலாள் வீரன் கையில் ஆஸ்பிஸ் என்கிற வட்டக் கேடயம். அசலில் அதன் விட்டம் சுமார் 90 சென்டிமீட்டர். 28 மில்லிமீட்டர் அளவு உருவத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள, மேடு பள்ளம் இல்லாத வட்டம். அதில் கான்ட்ராஸ்ட் போய்த் தேங்க இடமே கிடையாது. காய்ந்த பிறகு விளிம்பில் கறையும் நடுவில் திட்டுத்திட்டான வெளிறலும்தான் மிஞ்சும். அணிவகுத்து நிற்கும் படையில் எதிராளி கண்ணில் முதலில் படுவதே அந்தக் கேடயச் சுவர்தான்.

அதனால் நான் சொல்வது இதுதான். உருவத்துக்கு உருவம் முறையைப் பிரிக்க வேண்டாம், மேற்பரப்புக்கு மேற்பரப்பு பிரியுங்கள். ஒரே ஹாப்லைட்டில் தலைக்கவச முடி, தாடி, அங்கி மடிப்பு, தோல் வார் எல்லாம் ஸ்லாப்சாப்பில் போகட்டும். தோலும் கேடயமும் அடுக்கு முறையில் வரட்டும். மினோட்டாரின் தலை, செர்பெரஸின் உடம்பு, ஹைட்ராவின் கழுத்துகள், ஹார்ப்பியின் சிறகு, சாடிரின் ஆட்டுக்கால் இவற்றுக்கெல்லாம் அடுக்கு முறை வீண் உழைப்பு. ஹைட்ராவின் செதிலில் ஸ்லாப்சாப் கொடுக்கும் ஆழத்தை அடுக்கு முறையில் எட்டிப் பிடிக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். சென்டாருக்கு மேல்பாதியும் கீழ்பாதியும் அடுக்கு முறைதான். குதிரை உடம்பும் வழவழப்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளைமேல் நேரடியாகக் கான்ட்ராஸ்ட் பூசும் வேக முறையைப் புராணப் படைக்கு நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வதில்லை. நிறம் பளீரென்று வரும், உண்மை. ஆனால் இருட்டு போதாது. மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். எங்கள் செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் உள்ள கொட்டாரக்கரைதான் கதகளிக்குத் தாய்வீடு. அந்த வேஷத்தில் கண்ணையும் புருவத்தையும் ஏன் அத்தனை தடிமனாகக் கறுப்பு மையால் இழுக்கிறார்கள்? விளக்கு வெளிச்சத்தில், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகம் எட்ட வேண்டும் என்பதற்காக. மினியேச்சருக்கும் அதே நியாயம்தான். இயல்பான அளவு நிழல் போட்டால் நிழலே இல்லாத மாதிரி இருக்கும். கொஞ்சம் மிகையாகப் போட்டால்தான் இயல்பாகத் தெரியும். கறுப்பிலிருந்து தொடங்கும் ஸ்லாப்சாப் இதைத் தானாகவே செய்து கொடுத்துவிடுகிறது. அதில் ஒரே குறை, மஞ்சளும் ஆரஞ்சும் அழுக்காகத் தெரியும். அந்த நிறங்கள் வரும் இடத்தில் மட்டும் வெள்ளை டிரை பிரஷ்ஷை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துவிட்டால் போதும்.

தோல்

தோலுக்குச் சிட்டாடலில் பக்மேன்ஸ் க்ளோ, கேடியன் ஃப்ளெஷ்டோன், கிஸ்லெவ் ஃப்ளெஷ் என்ற மூன்று நிறங்களும், இடையில் ரெய்க்லாண்ட் ஃப்ளெஷ்ஷேட் வாஷும் போதும். பெயர்கள் முக்கியமில்லை. செம்பழுப்பில் தொடங்கி, நடுத்தரத் தோல் நிறம், கடைசியில் வெளிர் என்று மூன்று படி இருந்தால் எந்த நிறுவனத்தின் வண்ணத்திலும் இதைச் செய்யலாம்.

செய்முறையைக் கிட்டத்தில் பார்ப்போம். செம்பழுப்பை முழுத் தோலிலும் இரண்டு மெல்லிய கோட் பூசுங்கள். காய்ந்ததும் நடுத்தர நிறத்தை எல்லாத் தசை மேட்டிலும் ஏற்றுங்கள். விலா எலும்புக்கு இடையில், முழங்காலுக்குப் பின்னால், அக்குளில் செம்பழுப்பு அப்படியே நிற்கட்டும். பிறகு வாஷ். அதை உடம்பு முழுக்கக் கொட்டாமல், நுனித் தூரிகையால் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். முழுக்க விட்டால் முதலில் சொன்ன அதே திட்டுக்கறை இங்கேயும் வந்துவிடும். வாஷ் நன்றாகக் காய்ந்த பிறகு நடுத்தர நிறத்தில் இன்னொரு சுற்று. கடைசியாக வெளிர் நிறத்தைத் தோள் உச்சி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, முழங்கால் சில், கால் விரல் ஆகிய இடங்களில் மட்டும் தொட்டு எடுங்கள்.

எங்கள் வட்டத்தில் அடுக்கு முறையில் கை தேர்ந்தவர் புனலூரிலிருந்து வரும் ஒரு சேட்டா. "எத்தனை கோட் போடணும் சேட்டா?" என்று புதிதாக வந்த பையன் கேட்டபோது, "கோட்டை எண்ணாதே மோனே. அடியில் உள்ள நிறம் இன்னும் லேசாகத் தெரியும்போதே நிறுத்திக்கோ, காய விடு, அப்புறம் பாரு" என்றார். அடுக்கு முறையின் முழுப் பாடமும் அதற்குள் அடக்கம். ஒரே வீச்சில் மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கெட்டியாகப் பூசினால், தச்சன் செதுக்கியது போன்ற அந்தத் தசைக் கோடுகள் வண்ணத்துக்கு அடியில் புதைந்துவிடும்.

பெண் உருவங்களை என்ன செய்வது என்பதில் ஒரு பழைய வழி இருக்கிறது. ஏதென்ஸின் கறுப்பு உருவப் பானை ஓவியங்களில் பெண்களின் தோலை வெள்ளையாகவும் ஆண்களின் தோலைக் கறுப்பாகவும் தீட்டினார்கள். கிரீட் தீவின் மினோவன் சுவரோவியங்களிலும் ஆண்கள் செம்பழுப்பு, பெண்கள் வெள்ளை. இது அந்தக் காலத்து ஓவிய வழக்கம்தானே தவிர, உண்மைத் தோல் நிறத்தின் பதிவு அல்ல. கடவுளர் குழுவைத் தனித்துக் காட்ட வேண்டுமென்றால் இந்த வழக்கத்தைப் பயன்படுத்தலாம். அமேசான் வீராங்கனைகளுக்கு மட்டும் வேண்டாம். வெயிலில் குதிரையேறித் திரிபவர்கள் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

பிரைமர்: இங்கே முடிவெடுப்பது மழைதான்

வண்ண முறையைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி சாரல் இல்லாத ஊர்களில் இருப்பவர்கள் எழுதுவது. அவர்கள் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, வாசலில் நின்று அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். குற்றாலம் சீசனில் அதை இங்கே செய்து பார்க்க முடியாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். துணி காயாது, உப்பு நீர்த்துப் போகும். அந்த ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் வண்ணத்தோடு ஈரமும் மாட்டிக்கொண்டு, உருவத்தின் மேல் சொரசொரவென்று வெண்மை பூத்துவிடும். தலைக்கவசத்தின் கண் துளை, தாடியின் இழை எல்லாம் மங்கிப்போகும். காற்றோ பாதி ஸ்ப்ரேயைப் பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோகும்.

ஆந்திர எல்லையில், திருத்தணி, சித்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல். சித்திரை வைகாசி வெயிலில் ஸ்ப்ரே உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் பாதி காய்ந்து, மாவு தூவினது போல் வந்து ஒட்டும். அவர்கள் விடியற்காலையில், நிழலில், டப்பாவைக் கொஞ்சம் கிட்டே பிடித்து அடித்தால் சமாளித்துவிடலாம். நமக்கு ஈரத்தைச் சமாளிக்க அப்படி ஒரு குறுக்குவழி இல்லை.

அதனால் சாரல் ஊர்க்காரருக்குத் தூரிகையால் பூசும் பிரைமர்தான் நிரந்தர வழி. வல்லேஜோவின் பாலியூரிதேன் சர்ஃபேஸ் பிரைமரை இரண்டு மெல்லிய கோட்டாகப் பூசலாம். பூசும்போது சமமாக இல்லாத மாதிரிதான் தெரியும். பதற வேண்டாம், காயக் காய இழுத்துப் பிடித்துக்கொண்டு உருவத்தோடு ஒட்டிவிடும். ஒரு முழு நாள் காய விடுவது நல்லது, மழை நாளில் இன்னும் கூடுதலாக. காய்ந்த பிறகு அதை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. தோல் உரிவது போல் உரிந்து வரும். அச்சு வரி, பிசிறு எல்லாவற்றையும் பிரைமருக்கு முன்பே தேய்த்து முடித்துவிட வேண்டும்.

ஸ்ப்ரேதான் வேண்டும் என்பவருக்கு மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். அந்த மாதங்களில் மொத்தப் படைக்கும் பிரைமர் அடித்துப் பெட்டியில் மூடி வைத்துக்கொண்டு, சாரல் காலத்தில் உட்கார்ந்து தீட்டலாம். ஏர் பிரஷ்ஷைப் பற்றியும் கேட்பார்கள். கம்ப்ரசர், குழாய், ஒவ்வொரு முறையும் கழுவும் வேலை, ஈரக்காற்றில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு துப்புவதைத் தடுக்க ஈரம் பிடிக்கும் வடிகட்டி என்று செலவு நீண்டுகொண்டே போகும். முதல் படைக்கு அது தேவையில்லை.

ஆனால் இந்த ஈரத்தால் ஒரு பெரிய லாபமும் உண்டு. தட்டில் ஊற்றிய அக்ரிலிக் இங்கே சீக்கிரம் காயாது. ஒரு தட்டையான டப்பாவில் ஈரப் பஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து வெட் பேலட் செய்துகொண்டால், காலையில் கலந்த தோல் நிறம் ராத்திரி வரைக்கும் அப்படியே இருக்கும். நிறத்தை நிறத்துக்குள் இழைய விடும் அடுக்கு முறைக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. பஞ்சில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

பிரைமர் பேச்சோடு சேர்த்து உருவம் எதில் செய்தது என்பதையும் கவனியுங்கள். விக்ட்ரிக்ஸ் போன்ற நிறுவனங்களின் கெட்டிப் பிளாஸ்டிக் ஹாப்லைட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். ரெசினில் 3டி பிரின்ட் செய்தது என்றால், ஆல்கஹாலில் நன்றாக அலசி, யுவி விளக்கில் முழுதாக இறுகியதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரைமர் பூச வேண்டும். கையில் பிசுபிசுப்பு தட்டினால் பிரைமர் நிற்காது. இறுகாத ரெசின் தோலுக்கும் கெடுதல், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வெண்கலம்

கிரேக்கப் படையில் தோலுக்கு அடுத்து அதிக இடத்தைப் பிடிப்பது வெண்கலம். இங்கே இரண்டு வழிகள். மெட்டாலிக் வண்ணத்தைப் பூசி அதுவே மின்னட்டும் என்று விடுவது ஒன்று. மின்னாத சாதாரண வண்ணங்களாலேயே உலோகத்தின் மினுமினுப்பை வரைந்து காட்டுவது இன்னொன்று.

இரண்டாவது வழி எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கி, ஜன்னல் ஓரமாக வைத்துப் பாருங்கள். தண்டில் மிக வெளிச்சமான கோடும் மிக இருண்ட கோடும் தூரத் தூரமாக இருக்காது, ஒட்டி ஒட்டி நிற்கும். வெள்ளைக்கு அருகிலேயே கரும்பழுப்பு, நடுவில் இழையும் மஞ்சள் மிகக் குறைவு. தோலைத் தீட்டும் கை இந்தக் கணக்குக்கு நேர்மாறாகப் பழகியிருக்கும். தோலில் எல்லாம் மெதுவாக இழைய வேண்டும், உலோகத்தில் வெட்டென்று மாற வேண்டும். முப்பது ஹாப்லைட்டுக்கும் இதைச் செய்யலாம் என்று இறங்கினால் படை முடியாது. ஏதீனாவின் தலைக்கவசம் ஒன்றுக்குச் செய்யுங்கள், போதும்.

படைக்கு மெட்டாலிக்தான். கறுப்புமேல் நேராகப் பூசாமல், கரும்பழுப்பு ஒரு கோட் கொடுத்து அதன்மேல் வெண்கல நிறத்தைப் பூசினால் சூடான சாயல் வரும். பழுப்பு வாஷ், பிறகு விளிம்புகளில் தங்கமும் துளி வெள்ளியும் கலந்த கீற்று. பத்துக்கு ஒன்று என்ற அளவில் வெள்ளீயம் கலந்த புது வெண்கலம் மஞ்சள் மினுக்கம் கொண்டது. பழுப்பேறிய சிலை நிறம் காலம் கொடுத்தது. போருக்குப் போகும் வீரன் கவசத்தைத் துலக்கித்தான் வைத்திருப்பான். அதனால் பச்சைக் களிம்பைப் படை முழுக்க அப்புவது எனக்கு ஒப்பாது. அதை டேலோஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிரீட் தீவைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்த வெண்கல மனிதன் அவன். கடல் காற்றில் நின்றவனுக்கு மூட்டு, கழுத்து, முழங்கால் மடிப்பில் களிம்பு ஏறியிருப்பதுதான் பொருத்தம். உடம்பில் ஓடும் ஒற்றை நரம்பை அவனுடைய கணுக்காலில் ஓர் ஆணிதான் அடைத்துக்கொண்டிருந்தது என்பது கதை. அந்த ஆணி மட்டும் களிம்பில்லாமல் மின்னட்டும்.

கேடய முகப்புக்கு டிகால் என்கிற அச்சிட்ட ஒட்டுப்படத்தை ஒட்டுவதா, கையால் வரைவதா என்றால், படைக்கு டிகால், தலைவனுக்குக் கை. ஸ்பார்ட்டாவின் லாம்டா எழுத்து இரண்டே கோடு என்பதால் யாரும் கையால் வரைந்துவிடலாம். தீப்ஸ்காரர்கள் ஹெராக்ளீஸின் கதாயுதத்தைக் கேடயத்தில் வரைந்துகொண்டார்கள், அதுவும் எளிது. ஸ்பார்ட்டாவின் சிவப்பு அங்கிக்குக் கறுப்புமேல் சிவப்பைப் பூசிப் பூசிச் சலிக்க வேண்டாம். சிவப்பு மூடும் திறன் குறைந்த நிறம். அடியில் செம்பழுப்பு கொடுங்கள்.

பளிங்கு வெள்ளையா, பல வண்ணமா

கடவுளர் உருவங்களை வெள்ளைப் பளிங்குச் சிலை மாதிரி தீட்டுவது ஒரு தனி நாகரிகமாகவே பரவியிருக்கிறது. செய்வதும் எளிது. எலும்பு நிறம், சாம்பல் வாஷ், வெள்ளை டிரை பிரஷ், ஒன்றிரண்டு மெல்லிய நரம்புக் கோடு. ஒரு மாலையில் ஒலிம்பஸே முடிந்துவிடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கிரேக்கர்கள் தங்கள் சிலைகளை வெள்ளையாக விட்டவர்கள் அல்ல. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெப்லோஸ் கோரே என்ற சிலை கி.மு. 530 வாக்கில் செய்தது, அதில் வண்ணத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. இஸ்தான்புல்லில் உள்ள அலெக்சாண்டர் சவப்பெட்டியிலும் அப்படியே. சாதிலிங்கச் சிவப்பு, காவி, எகிப்திய நீலம், மாலகைட் பச்சை என்று அவர்கள் கையாண்ட நிறமிகளை ஆராய்ந்து, ஜெர்மானிய அறிஞர் வின்சென்ஸ் பிரிங்க்மன் குழுவினர் செய்த வண்ண மறுபடைப்புகள் 2003-இல் மியூனிக்கில் காட்சிக்கு வந்தபோது ஐரோப்பாவில் பலருக்கு அதிர்ச்சி. நமக்கு அதில் அதிர ஒன்றுமில்லை. வண்ணச் சுதைகள் நிறைந்த கோபுரங்களின் அடியில் வளர்ந்தவர்கள் நாம். குற்றாலம் சித்திர சபைக்குள் போனால் சுவரெல்லாம் ஓவியம். தெய்வத்துக்கு நிறம் உண்டு என்று நம் கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதனால் ஹேராவுக்கு நீல அங்கி, காவிக் கரை, பக்கத்தில் மயில். நூறு கண் ஆர்கஸ் செத்தபோது அவனுடைய கண்களை ஹேரா மயில் தோகையில் பதித்தாள் என்று கதை. அந்தத் தோகையை ஆசை தீரத் தீட்டுங்கள். நிறமில்லாத கல் தோற்றத்துக்கு ஒரே ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது. மெடூசாவின் பார்வையில் சிக்கிக் கல்லானவர்கள். அவர்களை வெள்ளைப் பளிங்காக அல்லாமல், சாம்பல் பாறையாகத் தீட்டினால் கதை இன்னும் நன்றாக நிற்கும். காலிலிருந்து இடுப்பு வரை கல்லாகி, முகம் மட்டும் இன்னும் தோல் நிறத்தில் இருக்கும் ஒரு வீரனை அடுக்கு முறையில் செய்து பாருங்கள்.

மெடூசா

படையில் ஓர் உருவத்துக்கு மட்டும் தாராளமாக நேரம் செலவிடலாம் என்றால் அது மெடூசா. இந்த உருவத்தில் மூன்று முறைகளுமே ஒன்றாகச் சந்திக்கின்றன. முகமும் தோளும் அடுக்கு முறை. வால் இருக்கும் உருவமாக இருந்தால் அது ஸ்லாப்சாப். கூந்தல் பாம்புகளுக்கு மட்டும் வெள்ளைமேல் கான்ட்ராஸ்ட். ஸ்லாப்சாப்பில் அந்த மெல்லிய பாம்புகள் இருண்டு ஒரே கொத்தாகத் தெரியும். வெளிச்சமான அடி இருந்தால் ஒவ்வொன்றும் தனியாகப் பிரிந்து நிற்கும்.

பாம்புகளுக்கு நாகப்பாம்பின் படமோ நம் மலையின் பச்சைப் பாம்பு நிறமோ உடனே மனசுக்கு வரும். கிரேக்கத்தில் நாகம் கிடையாது. அங்கே இருப்பது மூக்கில் சிறு கொம்புள்ள விரியன். வெளிர்சாம்பல் அல்லது பழுப்பு உடம்பில், முதுகு நெடுகக் கருப்பு வளைவுக் கோடு. மணல் நிறக் கான்ட்ராஸ்ட் காய்ந்ததும், ஒவ்வொரு பாம்பின் முதுகிலும் கரும்பழுப்பில் நெளிநெளியாக ஒரு கோடு இழுங்கள். தூரிகையை நகர்த்தாமல் உருவத்தைத் திருப்பிக்கொண்டே போனால் கோடு பிசகாது.

கண்ணை முகத்துக்குப் பிறகு செய்யாதீர்கள், முகத்துக்கு முன்பே செய்யுங்கள். செம்பழுப்பு அடி காய்ந்ததும் கண்குழியில் கறுப்பு, அதற்குள் ஒரு சிறு வெளிர்சாம்பல் கோடு, நடுவில் மஞ்சள் புள்ளி. எப்படியும் கொஞ்சம் வெளியே பிசகும். அதைச் சுற்றியுள்ள தோலை ஏற்றும்போது பிசகியதையெல்லாம் மூடிவிடலாம். தூய வெள்ளையைக் கண்ணில் வைத்தால் மிரண்டு விழிப்பது போல் ஆகிவிடும்.

எதை வாங்குவது

பணத்தை எங்கே கொட்டுவது, எங்கே மிச்சம் பிடிப்பது? ஓர் இறக்குமதிக் கான்ட்ராஸ்ட் குப்பி 18 மில்லி. அந்த விலைக்கு ஃபெவிக்ரில் சிறு குப்பி பத்துக்கு மேல் வாங்கலாம். அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தோலுக்கும் முகத்துக்கும் அது ஒத்துவராது. துணிக்கும் கான்வாஸுக்கும் செய்த வண்ணத்தை 28 மில்லிமீட்டர் முகத்துக்கு ஏற்ற அளவு கரைத்தால் நிறம் பிரிந்து போகிறது, கரைக்காவிட்டால் மொத்தையாக நிற்கிறது. ஆனால் டிரை பிரஷ்ஷுக்குக் கெட்டியான வண்ணம்தான் வேண்டும். கேமல் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக் ட்யூபில் கறுப்பும் வெள்ளையும் வாங்கினால், சாம்பலை நீங்களே கலந்து மொத்தப் படையின் ஸ்லாப்சாப் அடியையும் முடித்துவிடலாம். உருவம் நிற்கும் அடித்தட்டுக்கும் அதே ட்யூபுகள் போதும்.

நல்ல வண்ணத்தில் நான் சொல்வது தோலுக்கு மூன்று, ஒரு தோல் வாஷ், ஒரு பழுப்பு வாஷ், ஒரு வெண்கல மெட்டாலிக், கான்ட்ராஸ்ட் வகையில் பழுப்பு, சிவப்பு, நீலம், மணல் நிறம். இதோடு ஆரம்பியுங்கள். ஸ்பீட்பெயின்ட் மலிவாகக் கிடைத்தால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 2022-இல் வந்த முதல் வகை, காய்ந்த பிறகும் மேலே இன்னொரு வண்ணம் பட்டால் கரைந்து கலங்கும். 2023-இல் வந்த 2.0-வில் அதைச் சரி செய்துவிட்டார்கள். அடுக்கு முறையும் கான்ட்ராஸ்ட்டும் ஒரே உருவத்தில் கலந்து வரும் நம் வழிக்கு முதல் வகை ஆகவே ஆகாது.

டிரை பிரஷ்ஷுக்கென்று தனியாக விலை கொடுக்க வேண்டாம். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் உருண்டை நுனி மேக்கப் பிரஷ் அதைவிட மென்மையாகத் தேய்க்கும். நுனித் தூரிகையில் கஞ்சத்தனம் கூடாது. நல்ல செயற்கை இழையில் ஒன்று போதும், முகத்துக்கும் அதையே பயன்படுத்தலாம். கீரி முடித் தூரிகை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்த வியாபாரமே குற்றம்.

அடித்தட்டைப் பற்றி ஒன்று. இந்தப் பக்கத்து ஆட்கள் செய்யும் படைகளில் தரை எப்போதும் பச்சைப் பசேலென்று இருக்கும். சுற்றிலும் பார்ப்பது அதைத்தான். கிரேக்க மலைச்சரிவு அப்படி இல்லை. வெளிறிய சுண்ணாம்புப் பாறை, வறண்ட மண், முழங்கால் உயரப் புதர், அங்கங்கே சாம்பல்பச்சை ஆலிவ். சலித்த ஆற்று மணலை ஒட்டி, வெளிர் பழுப்பு பூசி, எலும்பு நிறத்தில் டிரை பிரஷ் செய்து, காய்ந்த புல் நிறத்தில் இரண்டு கொத்து வையுங்கள். வெண்கலமும் சிவப்பு அங்கியும் அந்த வெளிறிய தரையில்தான் எடுப்பாகத் தெரியும். ஹைட்ராவுக்கு மட்டும் விதிவிலக்கு. அது லெர்னாவின் சதுப்பில் கிடந்தது. அதற்கு நம் ஊர்ப் பாசிப் பச்சையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கடைசி வேலை வார்னிஷ். பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயும் சாரல் காலத்தில் அதே மாதிரி வெண்மை பூக்கும். முடிந்த உருவத்தின் மேல் அது நடந்தால் பிரைமரில் நடப்பதைவிடக் கொடுமை. தூரிகையால் பூசும் மேட் வார்னிஷை வாங்குங்கள், குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், ஒரு மெல்லிய கோட் போதும். மேட் வார்னிஷ் வெண்கலத்தின் மினுக்கத்தையும் சேர்த்து அடக்கிவிடும். அது காய்ந்த பிறகு கேடய விளிம்பு, தலைக்கவச உச்சி, ஈட்டி முனை ஆகியவற்றில் மெட்டாலிக்கை இன்னொரு தடவை தொட்டுக்கொடுங்கள். மெடூசாவின் கண்ணிலும் ஹைட்ராவின் வாய்க்குள்ளும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் ஒரு சொட்டு.